உம்மா கேட்ட கேள்வி

சென்ற தவணை எங்கள் தமிழ் டீச்சர் உயர்தர வகுப்பு மாணவிகளுக்கு ஒரு வேலை தந்தார். ஓவியம், விஞ்ஞானம், கடலாய்வு, பயணம் என்று நான்கு சொற்களைப் பலகையில் எழுதினார். இவற்றில் ஒன்றில் ஆயுள் முழுக்க உழைத்த ஒருவரைத் தெரிவு செய்து, அவரிடமிருந்து நாம் பெற்றுக்கொள்ளக் கூடியது என்ன என்று எழுதி வரச் சொன்னார். வகுப்பில் பாதிப்பேர் இப்னு பதூதாவை எடுத்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். 1344ஆம் ஆண்டு இலங்கையில் இறங்கி பாவா ஆதம் மலை வரை ஏறியவர். எழுதுவதற்கு விடயம் நிறைய உண்டு. நான் எழுதிக் கொடுத்த பெயரை டீச்சர் இரண்டு முறை வாசித்துவிட்டு, "யார் மகள் இவ?" என்று கேட்டார்.

மேரி தார்ப். சமுத்திரத்தின் அடித்தரையை வரைந்த பெண். நான்கு சொற்களில் எதற்குள் இவரைப் போடுவது என்று எனக்கே பிடிபடவில்லை. கையால் வரைந்தவர், ஆகவே ஓவியம். புவிச்சரிதவியல் படித்தவர், ஆகவே விஞ்ஞானம். வரைந்தது கடலை. ஆனால் பயணத்தில் மட்டும் சேர்க்க முடியாது. தன் புகழ்பெற்ற படங்களில் முதலாவதை வரைந்து முடிக்கும் வரைக்கும் அவரை ஓர் ஆய்வுக் கப்பலிலும் ஏற விடவில்லை. நான் அவரைத் தெரிவு செய்ததற்குக் காரணம் அதுதான். இன்னொரு காரணமும் இருந்தது. அதை டீச்சருக்குக் கொடுத்த கட்டுரையில் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன். உம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சாய்ந்தமருது. கடற்கரை ஊரில் பிறந்தும் என் உம்மா கடலைப் பார்ப்பதில்லை. சுனாமிக்கு முன் எங்கள் குடும்பம் கரையோரத்தில் இருந்தது. இப்போது பிரதான வீதிக்கு மேற்கே, வயலோரம் இருக்கிறோம். பெருநாள் பின்னேரங்களில் ஊரே கடற்கரைக்குப் போகும். உம்மாவுக்கு மட்டும் அன்று தலையிடி வரும். சிறு வயதில் அதை உண்மையான தலையிடி என்றே நம்பி, பனடோல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். உம்மாவின் தங்கை, என் சாச்சி, அன்று மௌத்தானார். அவருக்கு அப்போது பதினேழு வயது, உயர்தரம் படித்துக்கொண்டிருந்தார். என் காக்கா ஒரு வயதுக் குழந்தை. நான் பிறக்கவேயில்லை. சாச்சியின் ஒரேயொரு படம் எங்கள் அலுமாரிக்குள் இருக்கிறது. நனைந்து காய்ந்ததில் ஒரு பக்கம் வெளுத்துப்போன படம். என் முகம் அவருடைய முகம்தான் என்று உறவினர் எல்லோரும் சொல்வார்கள். உம்மா மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை.

இப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டுதான் நான் பல்கலைக்கழக அனுமதிக் கையேட்டில் ருஹுணு பல்கலைக்கழகத்தின் மீன்பிடி, சமுத்திர விஞ்ஞானப் பீடம் இருக்கும் பக்கத்தை மடித்து வைத்தேன். உம்மா அந்த மடிப்பைக் கண்டுவிட்டார். "டொக்டருக்குப் படி, டீச்சிங்குக்குப் படி, ஒண்டும் கிடைக்காட்டி சும்மா ஊட்ட இரி. கடல் மட்டும் வேணாம் மகள்" என்றார். நான் விடவில்லை. நம் நாட்டுக் கலாநிதி ஆஷா டி வோஸைப் பற்றிச் சொன்னேன். மற்ற இடங்களில் நீலத் திமிங்கிலங்கள் குளிர்ந்த கடலுக்கும் வெப்பக் கடலுக்குமாக இடம்பெயரும்போது, நம் தீவைச் சுற்றியுள்ளவை இங்கேயே தங்கி இரை தேடுகின்றன என்பதை ஆராய்ந்தவர் அவர். அதற்கான முதல் அடையாளமாக 2003இல் அவர் கண்டது கடலில் மிதந்த திமிங்கிலச் சாணம். இதைச் சொன்னால் உம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அவங்க வேற" என்று சொல்லிவிட்டுத் தையல் மெஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அந்த நாட்களில்தான் மேரி தார்ப்பை வாசித்தேன்.

1920இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவர். தந்தை விவசாயத் திணைக்களத்துக்காக மண்ணை ஆராய்ந்து வரைபடம் தயாரிப்பவர். வேலை மாறும் இடமெல்லாம் குடும்பமும் மாறியதால் மேரி ஏராளமான பாடசாலைகளில் படித்தார். பல்கலைக்கழகத்தில் முதலில் எடுத்தது ஆங்கிலமும் இசையும். இரண்டாம் உலகப்போரில் ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டதால் புவிச்சரிதவியல் வகுப்புகளில் இடம் காலியாகி, பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அப்படித்தான் உள்ளே நுழைந்தார். பிறகு கணிதத்திலும் பட்டம் பெற்றார். இத்தனையும் படித்துவிட்டு 1948இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிடைத்தது, மற்றவர்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்துப் படம் வரையும் வேலை.

அங்கே அவரோடு வேலை செய்தவர் புரூஸ் ஹீசன். ஹீசன் கப்பலில் போவார். மேரி மேசையில் இருப்பார். கப்பலில் இருந்து கடலுக்குள் ஓர் ஒலியை அனுப்பினால் அது தரையில் பட்டுத் திரும்பி வரும். கடல் நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் போகும். போய்வர 6 செக்கன் எடுத்தால் ஒரு வழிக்கு 3 செக்கன், ஆழம் 4,500 மீற்றர். இப்படிக் கப்பல் போன பாதை நெடுகிலும் ஆயிரக்கணக்கான இலக்கங்கள் வந்து சேரும். எங்கள் அப்பா, அதாவது உம்மாவின் வாப்பா, தோணியில் போன காலத்தில் கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கி ஆழம் பார்ப்பாராம். வேலை அதேதான், கயிற்றின் இடத்தில் ஒலி.

1952இல் மேரி அந்த இலக்கங்களைக் கொண்டு வட அத்திலாந்திக் சமுத்திரத்தின் குறுக்கே ஆறு வெட்டுமுகங்களை வரைந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தார். சமுத்திரத்தின் நடுவே ஒரு மலைத்தொடர் இருப்பது முன்னரே தெரிந்ததுதான். ஆனால் அதன் உச்சியில் ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் ஆப்பு வைத்துப் பிளந்ததைப் போல ஒரு வெட்டு இருந்தது. மலைகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அந்த வெட்டு மட்டும் பொருந்தியது. நிலம் அங்கே இரண்டாகப் பிரிந்து விலகுகிறது என்று மேரி சொன்னார். அப்படியானால் கண்டங்கள் நகர்கின்றன என்று ஒத்துக்கொள்ள வேண்டி வரும். அந்தக் காலத்தில் அங்கே அப்படிச் சொல்வது கேலிக்குரிய விடயம். பெண் பிள்ளைகளின் பேச்சு என்று ஹீசன் ஒதுக்கிவிட்டார்.

இந்த இடத்தில் மேரி வாதாடினாரா, அழுதாரா என்று நான் தேடிப் பார்த்தேன். (எனக்கு இரண்டும் வரும்.) அவர் திரும்பவும் வரைந்தார். பக்கத்து மேசையில் ஹோவர்ட் ஃபொஸ்டர் என்ற ஓவியக் கலை படித்தவர், காது கேளாதவர், வேறொரு வேலைக்காகப் பூமியதிர்ச்சி நடந்த இடங்களைப் புள்ளிகளாகக் குறித்துக்கொண்டிருந்தார். இரண்டு படங்களும் ஒரே அளவுத்திட்டம். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தபோது, சமுத்திரத்தின் நடுவே நடந்த அதிர்ச்சிகள் எல்லாம் மேரியின் வெட்டுக்குள்ளேயே வரிசையாக விழுந்தன. ஹீசனுக்கு அதற்கு மேல் சொல்ல எதுவும் இருக்கவில்லை. பிரான்ஸ் நாட்டின் கடலாய்வாளர் கூஸ்டோவும் நம்பாதவராகத்தான் இருந்தார். தன் கப்பலில் இருந்து கெமராவை இறக்கி அந்த இடத்தைப் படமெடுத்தார். 1959இல் நியூயோர்க்கில் நடந்த சமுத்திரவியல் மாநாட்டில் அந்தப் படத்தைக் காட்டியபோது, மேரி மேசையில் இருந்தபடி வரைந்த பள்ளத்தாக்கு திரையில் இருந்தது.

கடைசியில் அவர் கப்பலேறியது 1968இல். நாற்பத்தெட்டு வயதை நெருங்கியபோது அல்லது தாண்டியபோது. அதைப் படித்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. இருபது வருடம்! பிறகு யோசித்துப் பார்த்தேன். கப்பலில் போனவர்களுக்குத் தங்கள் கப்பல் போன ஒரு கோடுதான் தெரிந்தது. எல்லோருடைய கோடுகளும் ஒன்றாகச் சேர்ந்தது மேரியின் மேசையில். இதனால் அவரைத் தடுத்தது சரியாகிவிடாது. தடுத்த இடத்தில் இருந்துகொண்டே அவர் செய்தது என்ன என்பதைத்தான் சொல்கிறேன்.

நம் இந்து சமுத்திரத்தின் அடித்தரைப் படம் 1967இல் நேஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகையோடு வெளிவந்தது. மேரியும் ஹீசனும் கொடுத்த வரைபுகளுக்கு வர்ணம் தீட்டியவர் ஹைன்றிக் பெரான் என்ற ஒஸ்ட்ரியா நாட்டு ஓவியர், மலைக் காட்சிகள் வரைவதில் பெயர் பெற்றவர். அவர் எப்படி அகப்பட்டார் என்பது நல்ல கதை. உங்கள் படங்களைவிட என் வாப்பா நன்றாக வரைவார் என்று அவருடைய மகள் அந்தச் சஞ்சிகைக்குக் கடிதம் எழுதினாளாம்! 1977இல் உலக சமுத்திரங்கள் முழுவதையும் காட்டும் பெரிய படத்துக்கும் பெரானின் தூரிகைதான். ஹீசன் அதே வருடம் ஆய்வுப் பயணம் ஒன்றில் இறந்துபோனார். மேரி 2006 வரை வாழ்ந்தார்.

கட்டுரையோடு ஒரு படமும் வரைந்து கொடுப்போம் என்று பழைய கலண்டர் தாள்கள் நான்கை ஒட்டி, பின்பக்கத்தில் இந்து சமுத்திரத்தை வரையத் தொடங்கினேன். தொண்ணூறு பாகை கிழக்கு நெடுங்கோட்டின் வழியே அடிமட்டம் வைத்துக் கீறியதைப் போல ஒரு முகடு தெற்கு நோக்கி ஓடுகிறது. அதற்குக் கிழக்கே சுமாத்திரா, ஜாவாத் தீவுகளை அணைத்துக்கொண்டு வளைந்து போகிறது ஆழி. அதன் மிக ஆழமான இடம் 7,000 மீற்றருக்கும் மேல். மேசை போதாததால் உம்மா துணி வெட்டும் பாயில் விரித்து வைத்து, மஃரிபுக்குப் பிறகு வரைந்துகொண்டிருந்தேன். உம்மா ஓரத்தில் ஒரு சட்டைக்குப் பட்டி மடித்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து, "இது எந்த இடம்?" என்று கேட்டார்.

நான் பயந்துகொண்டே சொன்னேன். இது நம் நாடு. இது சுமாத்திரா. இந்த ஆழிக் கோட்டில் ஒரு தகடு மற்றத் தகட்டின் கீழே போகிறது. 2004இல் இந்த இடம்தான் அசைந்தது.

ஊசி நின்றுவிட்டது. சற்று நேரத்துக்குப் பிறகு உம்மா கேட்டார்: "அங்கயிருந்து இஞ்ச வர எவ்வளவு நேரம் எடுத்திச்சு?"

பௌதிகவியல் படிப்பவள் அல்லவா, உடனே கணக்குப் போட்டேன். இவ்வளவு நீளமான அலையின் வேகம் கடலின் ஆழத்தில் தங்கியிருக்கிறது. புவியீர்ப்பு ஆர்முடுகலையும் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 9.8ஐ 4,000 மீற்றரால் பெருக்கினால் 39,200. வர்க்கமூலம் ஏறக்குறைய 198. செக்கனுக்கு 198 மீற்றர் என்றால் மணிக்கு 700 கிலோமீற்றருக்கும் மேல், விமானத்தைப் போல. அதிர்ச்சியின் மையத்தில் இருந்து நம் கரை சுமார் 1,600 கிலோமீற்றர். இரண்டே கால் மணித்தியாலம் என்று வந்தது. நில அதிர்ச்சி காலை ஏழு மணியளவில். அப்படியானால் அலை ஒன்பதே காலுக்கு வந்திருக்க வேண்டும்.

"இல்ல. அதுக்கு முந்தி வந்திட்டு" என்றார் உம்மா. அவ்வளவு உறுதியாக.

என் கணக்குப் பிழை என்று நினைத்து மீண்டும் வாசித்தேன். கணக்குப் பிழையில்லை, எடுத்த தூரம்தான் பிழை. தரை பிளந்தது ஒரு புள்ளியில் அல்ல. மையத்தில் தொடங்கி வடக்கே அந்தமான் வரை 1,000 கிலோமீற்றருக்கும் மேலாகப் பிளந்துகொண்டே போயிருக்கிறது. ஆகவே அலையின் ஒரு பகுதி நமக்குக் கிட்டவிருந்தே புறப்பட்டிருக்கிறது. அதையும் சொன்னேன். எனக்குள் ஒரு பெருமை கூட இருந்தது, கண்டுபிடித்துவிட்டேன் என்று.

உம்மாவுக்கு அதெல்லாம் கேட்கவில்லை. "ரெண்டு மணித்தியாலமா?" என்றார். "ரெண்டு மணித்தியாலம் இருந்திச்சா? ஒருத்தருமா சொல்லல்ல?"

பசுபிக் சமுத்திரத்துக்கு எச்சரிக்கை ஏற்பாடு ஒன்று இருந்தது, இந்து சமுத்திரத்துக்கு அன்று இருக்கவில்லை, பிறகுதான் அமைத்தார்கள் என்றேன். 2012 ஏப்ரலில் சுமாத்திராப் பக்கம் மீண்டும் அதிர்ந்தபோது நமக்கு அறிவித்தது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். எனக்கு நினைவிருக்கும் மிகப் பழைய நாள் அதுவாகத்தான் இருக்கும். பள்ளிவாசல் ஒலிபெருக்கி, வீதி நிறைய ஆட்கள், என்னை இடுப்பில் இறுக்கிக்கொண்டு உம்மா ஓடியது. அன்று அலை வரவில்லை. அந்த முறை தகடுகள் மேலும் கீழுமாக எழும்பவில்லை, பக்கவாட்டில்தான் உராய்ந்தன. நீரைத் தூக்கி எறிய எதுவும் இருக்கவில்லை. இப்படி நான் படித்ததையெல்லாம் கொட்டிக்கொண்டே போனேன். நிறுத்தத் தெரியாமல் பேசினேன் என்பதுதான் உண்மை.

"நாந்தான் போகச் சொன்னன்" என்றார் உம்மா.

யாரை என்று நான் கேட்கவில்லை.

"முதல்ல சின்னனாத் தண்ணி வந்து போயிட்டு. பொறகு கடல் உள்ளுக்குப் போயிட்டாம் எண்டு எல்லாரும் ஓடினாங்க. எனக்குக் கைல புள்ள. நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுடி எண்டு நாந்தான் அனுப்பினன். இல்லாட்டி நான்தான் போயிருப்பன்."

எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. வாப்பாவுக்கும் தெரியாது என்று பிறகுதான் அறிந்தேன். இவ்வளவு வருடமும் உம்மா கடலைப் பார்க்காதது கடலின் மேல் உள்ள கோபத்தால் என்று நாங்கள் நினைத்திருந்தோம். கடல் உள்ளே இழுபட்டால் அடுத்ததாக அது வரும் என்று அன்று உம்மாவுக்குச் சொல்லித்தர ஒருவரும் இருக்கவில்லை. கடலிலேயே காலம் கழித்த அப்பாவுக்கே தெரிந்திருக்கவில்லை. உங்களுக்குத் தெரியாதுதானே உம்மா, தெரியாதுதானே என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அது ஆறுதலாக இருந்ததா என்று தெரியாது. உம்மா எழும்பி வுழூ எடுக்கப் போனார்.

இப்னு பதூதாவைப் பற்றி என் தோழி எழுதிய கட்டுரையை அந்த வாரம் வாசித்தேன். 1325இல் இருபத்தொரு வயதில் தஞ்சாவில் இருந்து புறப்பட்டபோது அவருடைய பெற்றோர் இருவரும் உயிரோடு இருந்தார்கள். 1349இல் திரும்பி வந்தபோது வாப்பா வஃபாத்தாகிப் பல வருடம். உம்மா கொள்ளை நோயில் இறந்து சில மாதங்கள்தான். தோழி இதை ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த நாட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. முன்பு என்றால் தாண்டியிருப்பேன். கையேட்டின் பக்கத்தை மடித்தபோது, யாரிடமிருந்து எதைக் கேட்கிறேன் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது தெரியும். தெரிந்த பிறகும் எனக்கு அந்தப் பீடத்துக்குப் போகத்தான் ஆசையாக இருக்கிறது. இதை உம்மாவிடம் மறைக்கவில்லை.

படத்தை முடிக்காமல் சுருட்டி அலுமாரியின் மேல் வைத்துவிட்டேன். டீச்சருக்குக் கட்டுரையை மட்டும் கொடுத்தேன். இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, பிரத்தியேக வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தால், தையல் பாயில் படம் விரிந்திருந்தது. நான்கு மூலையிலும் கத்தரிக்கோலும் நூல் கட்டைகளும் பாரத்துக்கு வைத்திருந்தன. உம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்திருந்தார்.

"இந்த ஆழிக் கோடு சரியா விளங்கல்ல" என்றார், நிமிராமலே. "எட்ட நிண்டு பாக்கிறவங்களுக்கும் தெரியோணும். நல்லாக் கறுப்பாப் போடு."

பென்சிலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். பல்கலைக்கழகத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பரீட்சைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. சுமாத்திராவின் தெற்கு முனையில் என் கை சற்று விலகியபோது, துணியில் அளவு குறிக்கும் தன் சோக்கட்டியால் உம்மா அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார்.